வக்கீல் வந்து சம்மதம் கேட்பதற்கு முன்

எர்ணாவூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,



நீ கேட்டதற்கெல்லாம் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். உன் அம்மா பக்கத்தில் தாளித்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. அவள் கைதான் அடுப்பில் இருக்கும், காது நம் பேச்சில் இருக்கும். என் தங்கையை எனக்குத் தெரியாதா? அதனால் காகிதத்தை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய கை. எழுதினால்தான் எனக்கு யோசனையும் ஒழுங்காக வரும்.

பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்கள் உன்னைப் பார்க்க வந்த அன்று, கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாமா என்று நீ மெதுவாகக் கேட்டாயாம். அதற்கு அந்த வீட்டுப் பெரியம்மா ஒருவர், சஹாபாப் பெண்கள் புருஷன் எதிரில் வாய் திறந்ததே இல்லை, அதை மனசில் வைத்துக்கொள் கண்ணு என்றாராம். நீ தலையைக் குனிந்துகொண்டது சரிதான். அந்த இடத்தில் பதில் சொல்லியிருந்தால் பேச்சு உன் வேலையை விட்டுவிட்டு உன் வாயைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அவர் சொன்னது உண்மையா என்று என்னைக் கேட்டாயே, அதற்குப் பதில்: இல்லை.

மதீனாவில் முதல் முஸ்லிம் குடும்பங்கள், அதாவது நபி நாயகத்தின் தோழர்களான சஹாபாக்களின் குடும்பங்கள், எப்படி வாழ்ந்தன என்று இன்றைக்கு நமக்கு ஏதாவது தெரிகிறதென்றால் பெரும்பாலும் அந்தப் பெண்கள் பேசியதால்தான் தெரிகிறது. நாயகத்தின் மனைவி ஆயிஷா நாயகி ஒருவர் வழியாக மட்டும் 2,000க்கு மேற்பட்ட ஹதீஸ்கள் வந்திருக்கின்றன. சமையல், படுக்கை, பொறாமை, கோபம், வீட்டில் விளக்கு இல்லாத இரவு எல்லாம் அதில் இருக்கின்றன. வாய் திறக்காதவர்களிடமிருந்து இவ்வளவு எப்படி வந்திருக்கும்?

உமர் (ரலி) சொன்ன ஒரு செய்தி புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. மக்காவின் குறைஷிகள் பெண்களை அடக்கி வைத்துப் பழகியவர்கள். ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்தால், அங்கே உள்ளூர்க்காரர்களான அன்சாரிகள் வீட்டில் பெண்கள் பேச்சுதான் ஓங்கியிருக்கிறது. அக்கம்பக்கம் பழகப் பழக மக்காவிலிருந்து வந்த பெண்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். ஒருநாள் உமர் சத்தம் போட, அவர் மனைவி பதிலுக்குப் பேசிவிட்டார். இவருக்கு அதிர்ச்சி. அந்த அம்மா விடவில்லை. இதற்கேன் கோபப்படுகிறீர்கள், நாயகத்தின் (ஸல்) மனைவியரே அவரிடம் பதில் பேசுகிறார்கள், சில நாள் ராத்திரி வரைக்கும் முகம் கொடுப்பதில்லை என்றார். உமர் பதறிப்போய் மகள் ஹஃப்ஸா வீட்டுக்கு ஓடினார். அவர் நாயகத்தின் மனைவியரில் ஒருவர். இது உண்மையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டார் மகள். எவ்வளவு பெரிய ஆளுமை உமர்! அவர் தன் வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொல்லியிருக்கிறார் என்பதில்தான் எனக்கு மரியாதை கூடுகிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. ஊருக்கு ஊர் வழக்கம் வேறு என்பதும், ஒரு ஊர் வழக்கம் இன்னொரு ஊரைத் தொற்றிக்கொள்ளும் என்பதும் அன்றைக்கே நடந்திருக்கிறது. நம் வட சென்னையைப் பார். துறைமுகம், ரயில்வே, தீப்பெட்டி ஆலை, லாரி கம்பெனி என்று வேலை தேடி ஜில்லா ஜில்லாவாக வந்து குடியேறியவர்கள் நாம். ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நிற்கிறவர்களின் வீட்டு வழக்கம் ஒன்றுக்கொன்று சேராது. காயல்பட்டினத்துக்காரர்களிடம் கேள்: அங்கே நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார், வீடும் மகள் பேரில் இருக்கும். நம் பக்கத்தில் பெண்தான் பெட்டியோடு போகவேண்டும். இரண்டு தரப்பும் அதைத்தான் மார்க்கம் என்று அடித்துச் சொல்வார்கள். உன் மாப்பிள்ளை வீட்டார் அவர்கள் பாட்டி காலத்துப் பழக்கத்தை சஹாபாக்கள் பேரில் எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதே.

கல்யாணத்துக்கு முன்னால் தன் நிலைமையைத் திறந்து சொல்வது அடக்கக் குறைவா என்று உனக்கு இன்னும் கூச்சமிருந்தால் உம்மு ஸலமா நாயகியைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்.

அவரும் கணவர் அபூ ஸலமாவும் கைக்குழந்தையோடு மதீனாவுக்குக் கிளம்பினார்கள். எங்கள் குலத்துப் பெண்ணை அனுப்பமாட்டோம் என்று பிறந்த வீட்டார் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அப்படியானால் குழந்தை எங்கள் குலம் என்று கணவர் குலத்தார் குழந்தையைப் பிடுங்கினார்கள். இழுத்த இழுப்பில் குழந்தையின் கை பிசகிவிட்டதாம். கணவர் மதீனாவில், பிள்ளை ஒரு வீட்டில், தாய் ஒரு வீட்டில். ஏறக்குறைய ஒரு வருஷம் அவர் தினமும் மக்காவுக்கு வெளியே போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வருவார். கடைசியில் யாரோ உறவுக்காரர் இரங்கிப் பேசி, பிள்ளையும் கைக்கு வந்து, ஒட்டகத்தில் ஏறித் தனியாகவே புறப்பட்டுவிட்டார். வழியில் உஸ்மான் இப்னு தல்ஹா என்பவர் பார்த்துவிட்டு, ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்து மதீனா எல்லையான குபா வரை கொண்டுவந்து விட்டார். அந்த மனிதர் அப்போது முஸ்லிமாகக்கூட ஆகியிருக்கவில்லை.

அப்படிச் சேர்ந்த கணவர் உஹதுப் போரில் பட்ட காயத்தால் மவுத்தானார். உம்மு ஸலமா கையில் பால்குடி மறக்காத குழந்தை. அபூபக்கர் பெண் கேட்டார், இவர் மறுத்தார். உமர் கேட்டார், அவருக்கும் இல்லை. பிறகு நாயகமே கேட்டு அனுப்பினார்கள். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் உடனே தலையாட்டியிருப்பார்கள். அவரோ மூன்று விஷயங்களைச் சொன்னார். நான் பொறாமைக்காரி, எனக்கு வயதாகிவிட்டது, எனக்குப் பிள்ளைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் பதில் வந்தது. பொறாமை நீங்க துஆ செய்கிறேன், வயது எனக்கும்தான் ஆகிறது, உன் பிள்ளைகள் என் பிள்ளைகள். அதற்குப் பிறகே சம்மதம்.

தன்னிடம் என்ன இருக்கிறது, தன்னால் எது முடியாது என்று அவரே வரிசைப்படுத்திச் சொன்னார். கேட்டவரும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நிக்காஹுக்கு முந்தைய பேச்சு இப்படித்தான் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். நம் வீடுகளில் அந்த இடத்தில் பவுன் கணக்கும் மண்டப வாடகையும் பிரியாணிக்கு எத்தனை தேக்சா என்பதும்தான் பேசப்படுகின்றன. பெண்ணும் பையனும் பேசவேண்டியதைப் பேசுவதற்குள் மகரிப் பாங்கு சொல்லிவிடுகிறார்கள்.

அந்த உம்மு ஸலமாதான் சில வருஷம் கழித்து ஹுதைபியாவில் நாயகத்துக்கே யோசனை சொன்னவர். 628ஆம் ஆண்டு. உம்ராவுக்குப் போனவர்களை மக்காக்காரர்கள் தடுத்துவிட, உடன்படிக்கை எழுதியாயிற்று. குர்பானி கொடுத்துத் தலைமுடி மழியுங்கள் என்று நாயகம் சொல்ல, வருத்தத்தில் இருந்த கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. கூடாரத்துக்குள் வந்து மனைவியிடம் சொன்னார்கள். யாரிடமும் எதுவும் பேசாமல் நீங்கள் போய் உங்கள் ஒட்டகத்தை அறுத்து, உங்கள் முடியை மழியுங்கள் என்றார் அவர். அப்படியே செய்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து அதையே செய்தார்கள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் மஹர், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கவேண்டியது. உன் அத்தா 501 ரூபாய் என்று ஒப்புக்கொண்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதே உட்காரலில் மாப்பிள்ளைக்கு வண்டியும் பெண்ணுக்கு இத்தனை பவுனும் என்று பேச்சு ஓடியிருக்கிறது. மஹர் குறைவாக இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இரும்பு மோதிரம்கூடக் கையில் இல்லாத ஒருவருக்கு, மனப்பாடமாகத் தெரிந்த குர்ஆன் சூராக்களைக் கற்றுக்கொடுப்பதையே மஹராக வைத்து நாயகம் நிக்காஹ் செய்துவைத்திருக்கிறார்கள். மறுபக்கம், நாயகம் தம் மனைவியருக்குக் கொடுத்த மஹர் 500 திர்ஹம் என்று ஆயிஷா நாயகி சொல்கிறார்கள். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வெள்ளி. இன்றைய விலைக்கு நீயே பெருக்கிப் பார், கணக்கு உன் தொழில். இருக்கிறவர் இருக்கிறதைக் கொடுத்தார், இல்லாதவர் தெரிந்ததைக் கொடுத்தார். இரண்டிலும் பணம் ஒரே திசையில்தான் போனது. அந்தக் கையால் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு இந்தக் கையால் 501 கொடுத்துவிட்டு, ஹஜ்ரத் ஓதும்போது ஆமீன் சொல்கிறோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை. பழைய ஆட்கள் அதைக் கைக்கூலி என்று நேராகச் சொன்னார்கள். இப்போது அன்பளிப்பு என்கிறார்கள்.

1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் மஹரை வரதட்சணைக் கணக்கிலிருந்து வெளியே வைத்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குவதைக் குற்றம் என்கிறது. உன் அத்தா ஆசைப்பட்டு உனக்குப் போடுகிற நகைக்கும் சாமானுக்கும் பட்டியல் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடவேண்டும் என்று 1985இல் விதியே வந்திருக்கிறது. எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கிற அவசரத்தில் இதை யாரும் நினைப்பதில்லை. நீ நினை. பட்டியலின் ஒரு பிரதி உன் பெட்டியில் இருக்கட்டும்.

அலியார் நாயகத்தின் மகள் ஃபாத்திமா நாயகியை மணந்தது பத்ருப் போருக்குப் பிறகு, 624 வாக்கில். மஹராகக் கொடுக்க என்ன இருக்கிறது என்று நாயகம் கேட்டபோது ஒன்றுமில்லை என்றார் அலி. உன் கவசம் எங்கே என்று கேட்டு அதைக் கொடுக்கச் சொன்னார்கள். மகளோடு அனுப்பிய சாமான்கள் ஒரு கம்பளித் துணி, ஒரு தண்ணீர்த் துருத்தி, புல் அடைத்த ஒரு தோல் தலையணை. இதே கல்யாணத்துக்கு நம் உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் தனிப் படலமே வைத்து, தமிழ்நாட்டுக் கல்யாண ஊர்வலம் போலப் பாடியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அதை நடத்தும்போது நான் ரசித்துத்தான் நடத்துவேன். புலவருக்கு எவ்வளவு பெரிய பந்தலும் போடலாம், வாடகை கிடையாது. உன் அத்தா போடுகிற பந்தலுக்கு வட்டி ஓடும். மறுநாள் வலீமா விருந்து மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு என்பதையும் இந்தத் தடவை யாராவது ஞாபகப்படுத்தவேண்டும். நான் ஞாபகப்படுத்துகிறேன், எனக்கு என்ன பயம்.

அடுத்தது உன் வேலை. மனைவி சம்பாதிப்பது புதுசு என்று யார் சொன்னாலும் இப்னு மஸ்ஊதின் மனைவி ஸைனபை நினைத்துக்கொள். கைத்தொழில் செய்து சம்பாதித்தவர். கணவர் கையில் காசில்லை. வீட்டில் அனாதைப் பிள்ளைகள் வேறு. அவர்களுக்குச் செலவழிப்பது தர்மத்தில் சேருமா என்று கேட்க நாயகத்தின் வாசலுக்குப் போனார். அங்கே இன்னொரு பெண்ணும் அதே கேள்வியோடு நிற்கிறார். நாங்கள் யார் என்று சொல்லாதீர்கள் என்று சொல்லி பிலால் என்ற சஹாபியை உள்ளே அனுப்பினார்கள். பதில் வந்தது: இரண்டு கூலி உண்டு, சொந்தத்தைப் பேணியதற்கு ஒன்று, தர்மத்துக்கு ஒன்று. இதில் நீ கவனிக்கவேண்டியது, அந்தப் பணம் அவருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. தன் பணத்தைப் புருஷனுக்குக் கொடுப்பது தர்மம் என்றால், அது கடமையாக இருக்க முடியாதல்லவா? சம்பளம் உன் கணக்கில் விழட்டும். வீட்டுக்கு நீ கொடுப்பதை மனசாரக் கொடு, கொஞ்சம் தாராளமாகவே கொடு. ஏ.டி.எம். கார்டை மட்டும் யாரிடமும் கொடுக்காதே.

வெளியில் போய் வருவது கஷ்டம் என்பார்கள். இப்போது நீ விம்கோ நகரில் மெட்ரோ ஏறி மண்ணடி வரை போகிறாய். அவர்கள் வீட்டிலிருந்து போனால் வண்ணாரப்பேட்டையில் ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்கவேண்டியதுதான். இதைவிடப் பக்கத்தில் வேலை வேண்டுமென்றால் அவர்கள் திண்ணையில்தான் ஆபீஸ் போடவேண்டும்.

இதை வாய்ப் பேச்சாக விடாதே. ஒப்பந்தங்களிலேயே நிறைவேற்றியாக வேண்டியவற்றில் முதலிடம் நிக்காஹின்போது ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளுக்கு என்பது நாயகம் சொன்னது. வேலையைத் தொடர்வேன் என்பதை நிபந்தனையாகவே ஜமாஅத் தப்தரில் எழுதச் சொல்லலாம். ஹஜ்ரத்திடம் நான் பேசிவிட்டேன், எழுதலாம் என்றார். இப்படிக் கேட்டு எழுதியவர்கள் இங்கே குறைவு என்றும் சொன்னார். கேட்காததால்தானே குறைவு?

வீட்டு வேலையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பெரிய கொள்கைகளால் வருகிற சண்டையைவிடப் பாத்திரம் தேய்ப்பதில் வருகிற சண்டை அதிகம். அபூபக்கரின் மகள் அஸ்மா தன் ஆரம்பக் குடும்ப வாழ்க்கையைத் தானே சொல்லியிருக்கிறார். கணவர் ஸுபைரிடம் ஒரு குதிரையும் தண்ணீர் இறைக்கிற ஒட்டகமும் தவிர ஒன்றுமில்லை. குதிரைக்குத் தீனி போடுவது, தண்ணீர் சேந்துவது, தோல் வாளியைத் தைப்பது, மாவு பிசைவது எல்லாம் இவர். பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார். நம் எர்ணாவூரிலிருந்து திருவொற்றியூர் தேரடிக்கு நடக்கிற தூரம் என்று வைத்துக்கொள். ரொட்டி சுட மட்டும் அவருக்கு வராது. அக்கம்பக்கத்து அன்சாரிப் பெண்கள் சுட்டுக் கொடுத்தார்கள், அவர்கள் உண்மையான தோழிகள் என்று நன்றியோடு சொல்கிறார். பிறகு தகப்பனார் அபூபக்கர் ஒரு வேலையாளை அனுப்பியபோது, எனக்கு விடுதலை கொடுத்த மாதிரி இருந்தது என்கிறார். பெரிய சஹாபியின் மகள், பெரிய சஹாபியின் மனைவி. கஷ்டம் கஷ்டம்தான் என்று சொல்ல அவருக்குக் கூச்சமில்லை.

அந்த அன்சாரிப் பெண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் தெருதான் நினைவுக்கு வரும். 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது ஆட்டோ கிடைக்காமல் அலைந்தவர்களை யார் யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தத் தெருவை விட்டுப் போகப்போகிறாய். போகிற இடத்தில் முதல் மாதத்திலேயே இரண்டு பக்கத்து வீட்டுக்காரிகளைப் பழக்கம் பிடித்துக்கொள், அவர்கள் எந்த மதமானாலும் சரி. புகுந்த வீட்டுக்கு வெளியே ஒரு பேச்சுத் துணை இல்லாத மருமகள் சீக்கிரம் சோர்ந்துபோவாள்.

வீட்டில் இருக்கும்போது நாயகம் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா நாயகியிடம் கேட்டிருக்கிறார்கள். குடும்பத்தாருக்கு ஒத்தாசை செய்வார்கள், தொழுகை நேரம் வந்தால் கிளம்பிப்போவார்கள் என்றார். செருப்பைத் தைப்பது, துணிக்கு ஒட்டுப்போடுவது, ஆட்டில் பால் கறப்பது இவையெல்லாம் அறிவிப்புகளில் இருக்கின்றன. உன் பெரியத்தா லேலண்டில் நைட் ஷிப்ட் முடித்து, காசிமேடு வரை போய் மீன் வாங்கி வந்தால், அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து ஆய்வதும் அவர்தான். எதிர்வீட்டு ஆம்பளைகள் கேலி செய்வார்கள். இது சுன்னத்துப்பா, தாடி வைப்பதைவிடக் கஷ்டமான சுன்னத் என்பார். நீயும் சின்னப் பிள்ளையில் பார்த்திருப்பாய்.

உன் மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாத தங்கைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், படுத்த படுக்கையாக ஒரு நன்னா இருக்கிறார் என்று தரகர் சொல்லவில்லை, நாமாகத்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். இதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஜாபிர் என்ற இளைஞரின் தகப்பனார் உஹதில் ஷஹீதானபோது வீட்டில் ஏழோ ஒன்பதோ தங்கைகள். அவர் ஏற்கெனவே மணமாகியிருந்த, வயது கூடிய ஒரு பெண்ணை நிக்காஹ் செய்தார். கன்னிப் பெண்ணை முடித்திருக்கலாமே என்று நாயகம் கேட்டபோது, தங்கைகளுக்குத் தலை வாரி, அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது என்றார். நல்ல காரியம் செய்தாய் என்றார்கள். ஜாபிர் செய்தது சுமையை ஒளிக்காத காரியம். உன் மாப்பிள்ளையிடமும் அதைக் கேள்: வீட்டில் யார் யாருக்கு என்ன தேவை, அதில் நீங்கள் எதைச் செய்வீர்கள், நான் எதைச் செய்யவேண்டும்? நன்னாவைக் குளிப்பாட்டுவது யார்? கோபிக்காமல் பதில் சொல்கிறாரா என்று பார். பதிலைவிட அது முக்கியம்.

மாப்பிள்ளை வீட்டில் இடம் சின்னது என்பதைப் பற்றி நீ கவலைப்படாதே. ஆயிஷா நாயகியின் அறையில் நாயகம் இரவுத் தொழுகையில் ஸஜ்தா செய்யும்போது, படுத்திருக்கும் மனைவியின் காலைத் தொட்டால், இவர் காலை மடக்கிக்கொள்வார். எழுந்தால் நீட்டிக்கொள்வார். விளக்கும் கிடையாது. அவ்வளவு சின்ன அறை. ஆனாலும் ஒவ்வொரு மனைவிக்கும் தனி அறை, தனி வாசல். அறை எட்டுக்கு எட்டாக இருந்தாலும் தாழ்ப்பாள் உன் கையில் இருக்கவேண்டும். மனைவிக்குப் பூட்டிக்கொள்ளத் தக்க ஓர் அறையாவது வேண்டும் என்று ஹனஃபி சட்ட நூல்களிலேயே எழுதியிருக்கிறது. கூடத்தில் திரை போட்டுக் கொடுப்போம் என்கிற யோசனையை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

சண்டை வரும். ஃபாத்திமா நாயகி வீட்டிலும் வந்தது. ஒருநாள் நாயகம் மகள் வீட்டுக்கு வந்தபோது அலியைக் காணோம். எங்களுக்குள் ஏதோ பேச்சு வந்தது, கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றார் மகள். என்ன பேச்சு, யார் பக்கம் தவறு என்று அவர்கள் துருவவில்லை. தேடிப் போனால் மருமகன் பள்ளிவாசல் தரையில் தூங்குகிறார், முதுகெல்லாம் மண். உட்கார்ந்து மண்ணைத் தட்டிவிட்டு, எழுந்திரு மண்ணின் தந்தையே என்று செல்லமாக எழுப்பினார்கள். கடைசி வரை அலியாருக்கு மிகவும் பிடித்த பட்டப்பெயர் அதுதானாம். இந்தச் சம்பவத்தை நான் உனக்குச் சொல்வதைவிட உன் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் சொல்லவேண்டும். நீ முதல் தடவை முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் அவர்கள் வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் போய்விடுவார்கள்.

செலவுப் பணத்தாலும் சண்டை வந்திருக்கிறது. மனைவியர் கூடுதலாகக் கேட்க, நாயகம் 29 நாள் தனியே மாடி அறையில் தங்கிவிட்டார்கள். ஓலைப் பாயின் தழும்பு விலாவில் பதிந்திருந்ததைப் பார்த்து உமர் அழுதார். பிறகு இறங்கி வந்து, இந்த வாழ்க்கையோடு இருப்பதா, பொருளைப் பெற்றுக்கொண்டு மரியாதையாகப் பிரிவதா என்று மனைவியரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எல்லோரும் இருப்பதையே தேர்ந்தார்கள். கை ஓங்கியதாகவோ வெளியே தள்ளியதாகவோ எங்கும் இல்லை. கை நீட்டுகிற மனிதன் எந்த ஆயத்தை ஓதிக் காட்டினாலும், அன்றைக்கே எனக்குப் போன் செய்.

பழைய காலத்தை அப்படியே தூக்கி வந்து வண்ணாரப்பேட்டையில் வைக்கச் சொல்லவில்லை. அங்கே அடிமைகள் இருந்தார்கள், ஓர் ஆணுக்குப் பல மனைவியர் இருந்தார்கள். உன் வாழ்க்கை அப்படி இருக்கவேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்திலும் ஓர் அடிமைப் பெண்ணின் பேச்சு எடுபட்டது. பரீரா விடுதலையானதும் அடிமையான கணவர் முகீஸோடு தொடர்ந்து வாழ மறுத்தார். முகீஸ் தாடி நனைய அழுதுகொண்டு மதீனாத் தெருக்களில் பின்னாலேயே அலைந்தார். இரக்கப்பட்டு நாயகமே பேசிப் பார்த்தார்கள். இது கட்டளையா என்று கேட்டார் பரீரா. இல்லை, சிபாரிசுதான் என்றார்கள். அப்படியானால் எனக்கு அவர் வேண்டாம் என்றார். யாரும் அவரைக் கோபிக்கவில்லை. ஸாபித் இப்னு கைஸின் மனைவியும் அப்படித்தான். கணவரின் குணத்திலும் மார்க்கத்திலும் குறையில்லை, ஆனால் அவரோடு வாழ முடியாது என்றார். மஹராக வாங்கிய தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்தார். குலா என்கிற வழி அங்கேயிருந்து வருவது. கல்யாணக் கடிதத்தில் இதை எழுதுகிறாளே என்று உன் அம்மா வாயில் அடித்துக்கொள்வாள். வாசல் இருக்கிற வீட்டில்தான் நிம்மதியாகக் குடியிருக்க முடியும் என்று சொல்.

கன்ஸா என்ற பெண்ணைத் தகப்பனார் அவர் விருப்பம் கேட்காமல் கட்டிக்கொடுக்க, அவர் வந்து முறையிட்டார், நாயகம் அந்த நிக்காஹை ரத்து செய்தார்கள். அதனால் சம்மதம் கேட்பது சடங்கில்லை. நம் வழக்கம் உனக்குத் தெரியும். பெண்ணிடம் சம்மதம் வாங்குகிற வக்கீலும் இரண்டு சாட்சிகளும் பெண் இருக்கிற அறை வாசலுக்கு வருவார்கள். உள்ளே கூட்டம், பூ வாசனை, யாரோ அழுவார்கள், யாரோ கருகமணியைத் தேடுவார்கள். சரின்னு சொல்லும்மா, நேரமாகுது என்று நாலு பேர் முதுகில் கை வைப்பார்கள். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. யோசிக்கவேண்டியதை இந்த இரண்டு வாரத்தில் யோசித்து முடி.

வரும் சனிக்கிழமை மாப்பிள்ளையை இங்கே என் வீட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறேன். அவர் அக்காவும் வருவார், நானும் கூடத்தில்தான் இருப்பேன். முகீரா என்ற சஹாபி ஒரு பெண்ணைப் பேசியிருப்பதாகச் சொன்னபோது, போய்ப் பார்த்துக்கொள், இருவருக்கும் ஒத்துப்போக அது நல்லது என்றார்கள் நாயகம். பெண்ணைப் பெற்றவர்கள் தயங்கினார்கள். நாயகம் பார்க்கச் சொல்லியிருந்தால் பார்க்கட்டும் என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தது அந்தப் பெண்தான். ஆக உன் அம்மா ஏதாவது சொன்னால் இதைச் சொல்லிக்கொள்ளலாம். வேலை, சம்பளம், அறை, தங்கைகள், நன்னா ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வா. மறந்துவிடுவாய், எனக்குத் தெரியும். அவருக்கும் உன்னிடம் கேட்க ஏதாவது இருக்கும். எரிச்சல்படாமல் பதில் சொல்.

நிக்காஹ் முடிந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் ஆபீஸிலும் பதிந்துவிடவேண்டும், 2009ஆம் ஆண்டுச் சட்டம். தப்தர் நகல் அதற்கும் வேண்டும். ஆதார் அட்டையில் உன் பிறந்த தேதி தப்பாக இருந்ததே, அதை இப்போதே திருத்தக் கொடு. வரும்போது சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வந்துவிடு, அவர்கள் அஸருக்குப் பிறகுதான் வருவார்கள்.

வஸ்ஸலாம்.

உன் பெரியம்மா